சிங்கமுகத்தாள் சன்னதியில் உங்கள் மீன்

லக்ஸர்,
வசந்தப் பண்டிகைக்கு மறுநாள்.

மதிப்பிற்குரிய மச்சான் ஷஹாத்தா அவர்களுக்கு, தங்கள் தங்கை இன்ஷிராஹின் கணவன் பத்ரான் ஸலாம் சொல்லி எழுதிக்கொள்வது. அனைவரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பின்னால் நிற்கும் தங்கள் தங்கை, "பொய் எழுதாதீங்க" என்கிறாள். ஆகவே நாங்கள் நலமில்லை. காரணம், பண்டிகைக்குத் தாங்களே உப்பில் ஊறவைத்து அன்போடு அனுப்பிய ஃபஸீக் மீன்.

நம் வர்தாவுக்கு வஜீஹைப் பேசியிருப்பது தங்களுக்குத் தெரியும். கர்னக் கோயிலில் தொல்பொருள் அதிகாரி. கட்டினால் அவரைத்தான் கட்டுவேன் என்று நம் பெண் ஒற்றைக்காலில் நிற்கிறாள். அவருடைய தாயார் துரிய்யா அம்மாள் கெய்ரோவில் வாழ்க்கைப்பட்டவர். பண்டிகையன்று கோயிலைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஆற்றங்கரையில் சாப்பிடலாம், பெண் பிடித்துப்போனால் அங்கேயே ஃபாத்திஹா ஓதி முடிவு செய்துவிடலாம் என்று சொல்லி அனுப்பினார். கூடவே, "அந்த நாத்தம் பிடிச்ச மீனை மட்டும் கொண்டுவந்துராதீங்க, எங்க குடும்பத்துக்கு ஆகாது" என்றும் ஒரு வார்த்தை. நீங்களே சொல்லுங்கள் மச்சான், நல்ல நாளும் அதுவுமாக மீன் இல்லாமல் வெறும் வெங்காயத்தாளைக் கடிப்பதற்கு நான் என்ன ஆடா? வீட்டில் யாருக்கும் தெரியாமல் உங்கள் மீனில் இரண்டை எடுத்துப் பழைய அல்வா டப்பாவில் போட்டு மூடி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன்.

மாப்பிள்ளை ஒவ்வொரு தூணாக நிறுத்தி விளக்கம் சொன்னார், இவன் எந்த ராஜா, அவன் யாருக்கு அப்பன் என்று. அங்கே எத்தனை தூண் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும், வெயிலோ மண்டையைப் பிளக்கிறது, மாசக்கணக்கா உப்புல ஊறிப் பழுத்த மீன் டப்பாவுக்குள்ள சும்மா இருக்குமா, வேலையைக் காட்ட ஆரம்பிச்சிருச்சு. முதல்ல ஒரு பூனை வந்துச்சு. அப்புறம் அதோட சொந்தக்காரங்க. கொஞ்ச நேரத்துல கோயில் பூனை பூராவும் என் பின்னால ஊர்வலம், ஒரு வெள்ளைக்காரி என்னை ஏதோ பூசாரின்னு நெனச்சுப் படம் பிடிக்கிறா. துரிய்யா அம்மா மூக்கை உறிஞ்சி உறிஞ்சிப் பார்த்துட்டு, "அந்த டப்பாவுல என்ன?"ன்னாங்க. அல்வான்னேன். "அய்யோ, அல்வான்னா எனக்கு உசுரு!" "இது மருந்து அல்வாம்மா, வயித்தைப் பிடுங்கிக்கும்"னு சொல்லிட்டு, பக்கத்துல இருந்த சிங்கமுகத்தாள் சன்னதிக்குள்ள நழுவி, கும்மிருட்டுல அவ சிலைக்குப் பின்னால டப்பாவை வெச்சுட்டு ஒண்ணும் தெரியாதவனாட்டம் வந்துட்டேன்.

கொஞ்ச நேரத்துல காவலாளி ஹம்தூன் அலறிக்கிட்டு ஓடி வர்றான், "ஐயா, சிங்கமுகத்தா அறையில பொணம்!" மாப்பிள்ளை உள்ள போனார். திரும்பி வரும்போது மூஞ்சியில ஆயிரம் விளக்கு. "பொணம் இல்ல, மம்மி! சுவத்துக்குப் பின்னால ரகசிய அறை இருக்கு, மேலிடத்துக்குச் சொல்லியாகணும்!" துரிய்யா அம்மா கைக்குட்டையால மூக்கைப் பொத்திக்கிட்டு, மகனோட பெருமையை நேர்ல பார்க்கணும்னு தானும் ஒரு தடவை உள்ள போயிட்டு வந்தாங்க. வர்தா என் கையைக் கிள்ளினா. உங்க மருமகளாச்சே, வாசத்தை வெச்சே கண்டுபிடிச்சுட்டா. "வாப்பா, மேலதிகாரி வர்றதுக்குள்ள அதை எடுத்துருங்க. இல்லேன்னா உங்க மாப்பிள்ளை மானம் போயிரும்." செருப்பைத் தேடுற சாக்குல உள்ள போய்த் தடவிப் பார்த்தா, மச்சான், டப்பா இல்ல! வாசம் இருக்கு, டப்பா இல்ல! சிங்கமுகத்தா தின்னுட்டா! நான் போட்ட கூச்சல்ல பூனையெல்லாம் தெறிச்சு ஓடுச்சு.

வெளியே வந்தா துரிய்யா அம்மா தலைவலின்னு சொல்லி, கைப்பையை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, குதிரை வண்டியில ஏறிப் போயிட்டே இருக்காங்க. சாப்பாடு இல்ல, ஃபாத்திஹா இல்ல, போய்ட்டு வர்றேன்னு ஒரு வார்த்தை இல்ல. மாப்பிள்ளை சுவத்தைத் தட்டித் தட்டிக் காது வெச்சுக் கேட்டுட்டு இருக்கார். வர்தா நேத்திலிருந்து தலையணையைவிட்டு முகத்தை எடுக்கல. உங்க தங்கச்சி என்னை மொட்டைமாடிப் புறாக்கூண்டுக்குப் பக்கத்துல படுக்கச் சொல்லிட்டா.

ஆகவே இதனால் அறிவிப்பது: இனி இவ்வீட்டுக்குத் தங்கள் மீன் வரக்கூடாது. எனக்கு மச்சான் உண்டா என்று யாரேனும் கேட்டால் இல்லை என்று சொல்வதாக இருக்கிறேன். அல்லாஹ் தங்களுக்கு நீண்ட ஆயுளையும் உருப்படியான ஒரு மூக்கையும் தருவானாக.

இப்படிக்கு,
புறாக்களின் அண்டை வீட்டுக்காரன்,
பத்ரான்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது துரிய்யா அம்மாள் வந்தார். கையில் என் அல்வா டப்பா, கழுவித் துடைத்து! "கல்யாணம் ஆனதுலேர்ந்து மாமியார் வீட்டுக்குப் பயந்து வாயைக் கட்டிக்கிட்டுக் கிடந்தேங்க. நேத்து கதவைச் சாத்திட்டு, நின்ன மேனிக்கே ரெண்டையும் தின்னேன். யாரு ஊற வெச்சது? பொண்ணோட மாமாவா? அப்போ பொண்ணு எங்களுக்குத்தான்!" வெள்ளிக்கிழமை ஃபாத்திஹா. வர்தா சிரித்துச் சிரித்து விக்கிக்கொண்டிருக்கிறாள். மேலே எழுதியது எதையும் மனதில் வைக்காமல் ஒரு பானை மீன் உடனே அனுப்பவும். சன்னதியில் வாசம் குறைகிறது, மம்மி கைநழுவிவிடுமோ என்று மாப்பிள்ளை சோறு தண்ணீர் இல்லாமல் கிடக்கிறாராம். பானையிலிருந்து ஒன்றை அங்கேயும் வைக்க வேண்டும்.