கிளி சொல்லாத மழை

அரசருக்கு வாயும் குடிகளுக்குக் காதும் பெரிதாக இருந்த காலத்தில், உவர்நாடு என்றொரு நாடு இருந்தது. பேருக்கேற்ற மண். எதை விதைத்தாலும் உப்புதான் பூக்கும். குடிகளும் விதைப்பதை விட்டுவிட்டு உப்பு வாரிப் பிழைத்தார்கள்.

அங்கே நடந்தால் வரி, நின்றால் வரி. சேதிக்கு மட்டும் வரியில்லை. ‘கேட்பது இலவசம்’ என்று அரண்மனை வாசலில் கல்லிலேயே வெட்டி வைத்திருந்தார்கள். சேதி இரண்டு வழியாக வந்தது. மலை உச்சியில் பழக்கிய கிளிகள் பறந்து வந்து கூரைமேல் உட்கார்ந்து பேசும். அது கிளி வழி. கழுதை மேல் தமுக்கை ஏற்றிக்கொண்டு ஆள் தெருத்தெருவாகச் சொல்லிப் போவான். அது கழுதை வழி. வாய்க்காலுக்கு மேற்கே இருந்த மேட்டுத்தெருவில் கழுதை ஏறாது, கிளிதான். கிழக்கே பள்ளத்தெருவில் பனைக்குப் பனை பருந்து. கிளி இறங்காது, கழுதைதான்.

மாடத்தி மேட்டுத்தெருக்காரி. விடிந்தால் அவள் கூரையில் கூட்டமாகக் கிளிகள். ஒன்று கூத்துப் பாடும், ஒன்று மருதாணி விற்கும், இன்னொன்று பக்கத்து அக்கரைநாட்டு இளவரசிக்கு மாப்பிள்ளை பார்க்கும் கதையைச் சொல்லும். உப்புப் பாத்தியில் காலெல்லாம் வெடித்து வருகிறவளுக்கு அது ஒரு ஆறுதல்.

உவர்நாட்டில் கூலி காசாகக் கிடையாது. வாரியதில் ஒரு பங்கை உப்பாகவே வரப்பில் குவித்துக் கொடுத்துவிடுவார்கள். வியாபாரி வண்டி வரும்வரை அந்த அம்பாரம் உன் பாடு. மூடி வைத்தால் உப்பு காயாது, வியாபாரி தொடமாட்டான். திறந்து வைத்தால் ஒரு மழை போதும், உழைத்த கூலி வாய்க்காலோடு போய்விடும். அப்புறம் அந்த மாதம் அடுப்பில் பூனை தூங்கும்.

அப்படித்தான் ஒருநாள் போயிற்று. கூரையில் கிளி மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்க, இடி இறங்கியது. மாடத்தி ஓலைக்கீற்றைத் தூக்கிக்கொண்டு ஓடிச் சேருவதற்குள் அம்பாரம் இருந்த இடத்தில் சேறு இருந்தது. எதிர்க்கரையில், பள்ளத்தெருவில் வாக்கப்பட்ட அவள் நாத்தனார் செல்லக்கனியின் அம்பாரமோ கீற்றுக்கடியில் பத்திரமாக இருந்தது.

“ஏட்டி, ஒனக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?”

“கழுதைக்காரன் காலையிலேயே சொல்லிட்டானே மதினி. ஒங்க கிளி சொல்லலையா?”

“எங்க கிளி மாப்பிள்ளை பாக்கப் போயிருச்சு.”

“அது சரி. கூத்தெல்லாம் ஒங்களுக்குத்தானே. எங்களுக்குக் கழுதை கனைக்கிறதுதான் கூத்து. கேட்டுக்கிட்டே காலத்தை ஓட்டுதோம்.”

ரெண்டும் இலவசம்தான், ஒன்றில் இருப்பது இன்னொன்றில் ஏன் இல்லை? இதைக் கேட்காமல் விடுவதில்லை என்று இருவரும் செவிநலத்துறை அமைச்சரிடம் போனார்கள்.

அமைச்சர் அம்பலவாணர் கனிவானவர். குடிகளை நிற்கவைத்துத்தான் பேசுவார். ஆனால் நெடுநேரம் பேசுவார்.

“அம்மா, கிளிக்கு எல்லை தெரியாது. மழைச் சேதியைக் கிளியிடம் கொடுத்தால் அது அக்கரைநாட்டுக் கூரையிலும் போய் உட்காரும். நம் செலவில் அவர்கள் நனையாமல் இருப்பதா? ஆகவே மழை கழுதை வழி. கூத்து அப்படியல்ல. தெரு குறுகல், கழுதைகளும் கொஞ்சம். அவற்றின் முதுகில் மன்னர் புகழை ஏற்றியது போக, கூத்தை எங்கே ஏற்றுவது? ஆகவே கூத்து கிளி வழி.”

“அப்ப மருதாணி?” என்றாள் செல்லக்கனி.

“கிளிக்குத் தீனி போடுவது மருதாணி வியாபாரி. தின்றதைப் பேசாமல் இருக்குமா?”

“அப்படின்னா இது இலவசம் இல்லையே சாமி. ஆரோ படி அளந்த வாயில்ல நமக்குப் பேசுது?”

அமைச்சர் செருமினார். “இலவசம் என்பது உங்களுக்கு. இருப்பினும், இரு தெருக்களுக்கும் இடையே ஏற்றத்தாழ்வு இருப்பதை அரசு மிகுந்த வேதனையோடு கவனத்தில் கொள்கிறது.”

வேதனை தீர மறுநாளே ஆணை வந்தது. கழுதை இனி மழையைச் சொல்லாது, கிளி இனி கூத்தைப் பாடாது. இரு தெருவும் சமம். செவிச் சமத்துவம் கண்ட செம்மல் என்று மன்னருக்குப் பட்டம் கொடுத்தார்கள். அந்தச் சேதி மட்டும் இரண்டு வழியிலும் தவறாமல் வந்தது.

அடுத்த மழையில் செல்லக்கனியின் அம்பாரமும் கரைந்தது.

“ஒங்க மேட்டுத்தெரு நாயம் எப்படி இருக்கு பாத்தியளா மதினி? ஒங்களுக்குக் கெடைக்கலைன்னதும் எங்களுக்கும் இல்லாமப் பண்ணிட்டாவ.”

“நான் என்னத்தடி கண்டேன்? ஒரு கண்ணு தெரியலைன்னு வைத்தியம் பாக்கப் போனா இன்னொன்னையும் குத்திவிட்டுட்டான்.”

இரண்டு தெருவும் சேர்ந்து அமைச்சர் வாசலில் கத்தியது. அரசு இரங்கியது. மழைச் சேதியைத் திரும்பக் கொடுக்கலாம், ஆனால் அக்கரைநாட்டானுக்குப் புரியக் கூடாது என்று அறிஞர் குழு கூடி ஒரு வழி கண்டது. எப்போது என்பதைக் கிளி சொல்லும், என்ன என்பதைக் கழுதைக்காரன் சொல்லுவான். மேட்டுத்தெருவில் கிளி “நாளை மதியம்” என்று கத்திவிட்டுப் பறந்துவிடும். பள்ளத்தெருவில் தமுக்குக்காரன் “மழை” என்று ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விடுவான்.

குடிகளுக்கு இது பெரிய பாரமாகப் படவில்லை. மாடத்தி கரையில் நின்று “நாளை மத்தியானம் என்னமோ வருதாம்டி” என்பாள். “மழைதான் மதினி, வேற ஒங்க மாப்பிள்ளையா வருவான்?” என்று பதில் வரும். இரு கரையிலும் கீற்று ஏறும். கொஞ்ச நாள் ஒருவர் உப்பும் கரையவில்லை.

இதுதான் அரண்மனைக்குப் பொறுக்கவில்லை. கிளியுமில்லாமல் கழுதையுமில்லாமல் மூன்றாவது வழி ஒன்று உரிமம் பெறாமல் நடக்கிறதாம். வாய்க்கால் தாண்டிப் பேசுவோர் தொண்டைக்கு உரிமம் வாங்க வேண்டும், இருமலுக்கு மட்டும் விலக்கு என்று ஆணை வந்தது. கரையில் காவல் போட்டார்கள். அடுத்த மழைக்கு இரண்டு தெருவும் இருமிப் பார்த்தது. இருமல் கேட்டது, சேதி புரியவில்லை. பாதி அம்பாரம் போயிற்று.

இப்படி இருக்கையில் கைதூக்கும் திருநாள் வந்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை குடிகளெல்லாம் மைதானத்தில் கூடிக் கை தூக்குவார்கள். கை எல்லாம் உயர்ந்தால் மன்னர் தொடர்வார். கூட்டம் குறைந்தால் சங்கடம்.

அன்று காலை மாடத்தியின் கூரையில் எல்லாக் கிளிகளும் ஒரே குரலில் கத்தின: “இன்று முழுவதும் மழை இல்லை! அனைவரும் வருக!” வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் தமுக்குச் சத்தம் கேட்டது. அதே வார்த்தை, அதே ராகம்.

மாடத்தி நின்று கேட்டாள். வானத்தில் ஒரு பஞ்சுகூட இல்லை. இத்தனை நாளும் அரை வாக்கியம் சொன்னவர்கள் இன்றைக்கு முழுசாகச் சொல்கிறார்கள். அதுவும் கிளியும் கழுதையும் சேர்ந்து.

கீற்றைத் தூக்கிக்கொண்டு உப்பளத்துக்கு ஓடினாள். எதிர்க்கரையில் செல்லக்கனி ஏற்கனவே மூடிக்கொண்டிருந்தாள். கரை நெடுக அத்தனை பேரும் மூடிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை; காவலர்களும் உரிமம் கேட்க வழியில்லாமல் நின்றார்கள். மூடி முடித்துவிட்டு, ஆளுக்கொரு கோணிச்சாக்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போனார்கள். விருந்து சாப்பாடு உண்டு, விடுவானேன்?

மன்னர் எழுந்து, “நான் தொடரட்டுமா?” என்று கேட்கவும் கொட்டத் தொடங்கியது.

மேடையில் ஒருவரும் அசையவில்லை. மழை இல்லை என்று ஆணையாகிவிட்டது; குடை விரித்தால் ஆணையை மறுத்ததாகும். வெண்கொற்றக் குடை மடக்கியபடியே நனைந்தது. மீசைச்சாயம் மன்னரின் பட்டு அங்கியில் இறங்கியது. கீழே குடிகள் சாக்கை விரித்து இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தார்கள். “எல்லாக் கைகளும் உயர்ந்தன! ஆளுக்கு இரண்டு!” என்று அறிவித்தார் செயலர்.

மாடத்தி கை மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் சாக்கின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் தள்ளிக் கொங்காணியாகத் தலையில் மாட்டியிருந்தாள். அமைச்சர் அம்பலவாணர் மேடையிலிருந்து இறங்கி நேரே அவளிடம் வந்தார். மூக்கு நுனியில் நீர் சொட்டியது.

“நீ ஏனம்மா கை தூக்கவில்லை?”

“தூக்காமலே நிக்கிது சாமி, சாக்கு.”

“சாக்கு எதற்கு?”

மாடத்தி வானத்தைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

“வெயிலுக்கு.”

அமைச்சர் தலையாட்டினார். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“ஆமாம். வெயில் கடுமையாகத்தான் இருக்கிறது. இன்னொரு சாக்கு கிடைக்குமா?”

செல்லக்கனி வாயைப் பொத்திக்கொண்டு இருமினாள். மாடத்தி தன் கொங்காணியைக் கழற்றி அகலமாக விரித்தாள்.

“ஒண்ணுதான் இருக்கு. ஓரமா வந்து நில்லுங்க. அந்தக் கோடியை நீங்க பிடிங்க, எனக்குக் கை ஓயுது.”

அமைச்சர் உள்ளே வந்து நின்று, இரண்டு கையையும் தூக்கினார்.