கைப்பைக்குள் நிலானி

பிள்ளையை வேவு பார்க்கக் கிளம்பும் தாய்மாருக்கு என் அனுபவத்தில் ஒரு புத்திமதி சொல்வேன்: கைப்பையில் எவர்சில்வர் சாப்பாட்டுப் பெட்டி வைத்திருக்காதீர்கள். (பிளாஸ்டிக் பெட்டியாக இருந்திருந்தால் நான் அன்று தப்பியிருப்பேன்.)

அப்போது என் மகள் தர்ஷினி எட்டாம் தரம். கெலிஓயாவில் இருந்து கண்டிக்கு பஸ்ஸில் போய்ப் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குள் கால் வைத்ததில் இருந்து படுக்கும்வரை வாய் ஓயாத பிள்ளை, திடீரென்று பேச்சைக் குறைத்துக்கொண்டாள். என்ன என்று கேட்டால் "ஒண்ணுமில்ல." போன் மட்டும் கையை விட்டு இறங்கவில்லை. இரண்டாம் தவணைப் பரீட்சையில் கணிதம் பாதாளத்துக்குப் போனது. அந்த போனுக்குள் இருந்து யாரோ என் பிள்ளையைக் கொத்திக்கொண்டு போகப் பார்க்கிறார்கள் என்று முடிவு கட்டினேன்.

வேறு தாயாக இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து பேசியிருப்பாள். நான் கந்தோரில் ஃபைல் நகர்த்தும் வேலை பார்ப்பவள், எதையும் நேர்வழியில் செய்து பழக்கமில்லை. பிள்ளைகள் எல்லாம் படம் போட்டுக் கதைக்கும் அந்த ஆப்பில் நானும் ஒரு கணக்குத் திறந்தேன். பெயர் நிலானி. ஊர் புசல்லாவை. வயது பதின்மூன்று. முகத்துக்குப் பதிலாக, கன்னத்தில் விரல் வைத்துச் சிரிக்கும் ஒரு கைக்குழந்தையின் படம். (அந்த வயதுப் பிள்ளை எவளும் கைக்குழந்தை படம் போட மாட்டாள், அது பெரியம்மாமாரின் வழக்கம் என்று எனக்கு யார் சொல்வது?) தர்ஷினியும் அவளுடைய கூட்டாளி ருஷ்தாவும் நிலானியைச் சேர்த்துக்கொண்டார்கள்.

நிலானி தங்கமான பிள்ளை. தினமும் காலையில் ரோஜாப் பூவோடு "இனிய காலை வணக்கம்" அனுப்புவாள். பகலில் "சாப்பிட்டியா?" என்று கேட்பாள். தலைவலி என்றால் "தண்ணி குடி" என்பாள். பதின்மூன்று வயதை அச்சு அசலாகப் பிடித்துவிட்டேன் என்று எனக்கு ஏகப்பட்ட பெருமை.

ஒரு பின்னேரம் "ஏன் சோகமா இருக்க?" என்று கேட்டேன். பதில் நீளமாக வந்தது. "மெத்ஸ் மண்டையில ஏறவே மாட்டேங்குது. போன பாத்துக்கிட்டே இருந்தா அத நெனைக்காம இருக்கலாம். அம்மாகிட்ட சொல்ல பயம். வாயத் தொறந்தா மார்க்ஸ்தான் கேப்பாங்க."

குசினியில் அடுப்புக்கு முன்னால் நின்றபடி அதை வாசித்தேன். கண் நிறைந்துவிட்டது. அடுத்த அறையில் இருக்கிற பிள்ளை புசல்லாவைக்குச் சொல்கிறாள், எனக்குச் சொல்லவில்லை. அந்த நிமிடமே அடுத்த அறைக்குப் போயிருக்க வேண்டும். நிலானி என்ன கேட்டாள் தெரியுமா?

"அது சரி, எத்தனை மார்க்ஸ்?"

மறுநாள், பிள்ளை டியூஷனுக்குப் போனாளா என்று சந்தேகம். கந்தோரில் இருந்தே நிலானி விசாரித்தாள். "இப்ப எங்க இருக்க? தனியாவா?"

பதில் வரவில்லை. அடுத்த நாள் காலையில் வகுப்பு டீச்சரிடம் இருந்துதான் அழைப்பு வந்தது. யாரோ ஒருவன் பிள்ளைகளுக்கு ஆப்பில் தொந்தரவு கொடுக்கிறான், தர்ஷினியின் போனையும் எடுத்துக்கொண்டு உடனே இரண்டு பேரும் வாருங்கள் என்றார்.

நான் பயந்தது நடந்தேவிட்டது! இவர், தர்ஷினியின் அப்பா, ஹார்ட்வெயார் கடையை மூடிவிட்டு வந்தார். "கையில கெடைச்சான்னா அவன் காலை ஒடிச்சிருவேன், செல்வி" என்றார். "கால் மட்டுமா?" என்று நானும் எடுத்துக் கொடுத்தேன். அந்தப் பாவி சீக்கிரம் அகப்பட வேண்டும் என்று போகிற வழியில் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்தேன். (எந்த வேண்டுதலையும் அவர் இத்தனை வேகமாக நிறைவேற்றியதில்லை.) அந்தப் பாவி நானாக இருக்கும் என்று மருந்துக்கும் தோன்றவில்லை. நிலானிதான் நல்ல பிள்ளையாச்சே!

வகுப்பறையில் டீச்சரும் பிள்ளைகள் இருவரும் இருந்தார்கள். அலவத்துகொடையில் இருந்து ருஷ்தாவின் உம்மாவும் வந்திருந்தார். மரியாதைக்கு என் போனைச் சத்தமில்லாமல் செய்து கைப்பையில் போட்டேன். பிள்ளைகளின் சின்னக் கதிரைகளில் உட்கார்ந்தோம். டீச்சர் தன் போனில் ஒரு படத்தைக் காட்டினார். கன்னத்தில் விரல் வைத்துச் சிரித்தது கைக்குழந்தை.

நான் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"தெனமும் காலையில ரோஜாப் பூ அனுப்புறான்" என்று டீச்சர் ஆரம்பித்தார். "சின்னப் புள்ள யாராவது இப்படிச் செய்வாங்களா? இது அம்பது வயசு ஆம்பளைன்னு ருஷ்தா அப்பவே சொல்லிட்டா." (எனக்கு முப்பத்தெட்டு. ஆம்பளை என்றதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன்.) "'தனியாவா'ன்னு கேட்டதும் தர்ஷினி பதில் போடல. நாங்க சொல்லிக் குடுத்த மாதிரியே ஸ்கிரீன்ஷொட் எடுத்து எனக்கு அனுப்பிட்டா."

"பொலிஸுக்குப் போவோம் டீச்சர்" என்று இவர் எழுந்தார்.

"பாவம், விட்டுருவோமே" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. ஆனாலும் எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

"என்னா, அவனுக்குப் போய் இரக்கப்படுறீங்க?" என்றார் ருஷ்தாவின் உம்மா. "மகள், அவனுக்கு ஒரு கோல் எடுங்க. நான் கதைக்கிறேன்."

இவர் பொக்கெட்டில் இருந்து தர்ஷினியின் போனை எடுத்துக் கொடுத்தார். தர்ஷினி நிலானியின் பெயரை அழுத்தினாள். என் மடியில் இருந்த கைப்பைக்குள் போன் அதிர்ந்தது, அது சாப்பாட்டுப் பெட்டியில் மோதியது, பெட்டிக்குள் கரண்டி குதித்தது. தகரத்தில் கல்மழை பெய்த மாதிரி ஒரு சத்தம்.

"ஒன் போன்தான் அடிக்குது" என்றார் இவர், வெள்ளை மனதோடு. "எடு, யாராவது முக்கியமான ஆளா இருக்கும்."

தர்ஷினி நிறுத்தினாள். பை நின்றது. மறுபடி அழுத்தினாள். பை மறுபடி ஆடியது.

"அம்மா..." என்றாள். "நிலானி நீங்களா?"

முதலில் சிரித்தது ருஷ்தாவின் உம்மாதான், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. டீச்சர் சேலைத் தலைப்பால் வாயை மூடினார். காலை ஒடிப்பேன் என்றவர் குனிந்து என் கால்களைப் பார்த்தார். பூமி பிளக்காதா என்றிருந்தது எனக்கு. ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அந்த அவமானத்துக்கு நடுவிலும் நெஞ்சில் இருந்து ஒரு பாறை இறங்கியது. என் பிள்ளையை யாரும் கொண்டு போகவில்லை. நாளைக்கு அப்படி ஒருவன் வந்தாலும் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

தர்ஷினி மட்டும் சிரிக்கவில்லை. இவர் கடைக்குப் போய்விட்டார். நாங்கள் இருவரும் பஸ் ஏறினோம். பேராதனைப் பாலம் தாண்டும்வரை அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். இந்தப் பிள்ளை இனி என்னிடம் எதையுமே சொல்லாது என்று பயந்துபோய் உட்கார்ந்திருந்தேன்.

"நான் சொன்னதெல்லாம் வாசிச்சீங்களா?"

"ம்."

"ஏசப் போறீங்களா?"

"நிலானி ஏசுனாளா?"

யோசித்தாள். "ஏசல. ஆனா மார்க்ஸ் கேட்டா."

சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. நானும் சேர்ந்து சிரித்தேன். நடுவில் அழுகையும் வந்தது, அது வேறு விஷயம். அன்று இரவில் இருந்து படுக்கும்போது அவள் போனும் என் போனும் ஒன்றாக அலுமாரிக்குள் போயின. கணக்கு மெதுமெதுவாக மண்டையில் ஏறியது. பேச்சு அதற்கு முன்பே திரும்பிவிட்டது.

தர்ஷினி இப்போது உயர்தர வகுப்பில் படிக்கிறாள். நான் எதையாவது துருவிக் கேட்டால் வீட்டில் "நிலானி வந்துட்டாப்பா" என்பார்கள். கடைக்குப் போன் எடுத்து எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டால், "தனியாவான்னு கேக்கலியா?" என்கிறார் இவர்.

ஆப்பில் நிலானியின் கணக்கை மூட தர்ஷினி விடவில்லை. போன கிழமை நான் சமைத்துக்கொண்டிருந்தபோது அடுத்த அறையில் இருந்து நிலானிக்கு ஒரு செய்தி வந்தது. "இருக்கியா? மெத்ஸ் பேப்பர் திருத்திக் குடுத்துட்டாங்க. அம்மாவ கொஞ்சம் தயார் பண்ணி வை."

அடுப்பைக் குறைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு நிலானி பதில் போட்டாள்.

"மொதல்ல தண்ணி குடி. குடிச்சிட்டு குசினிக்கு வா. அம்மா தனியாத்தான் இருக்கா."