கனகராஜ் தொலைக்காட்சியின் வாயை அடைத்த படலம்

வாழ்க கனகராஜ்! கமுந்திங் கையுறை ஆலையின் காலை ஷிப்டைக் கட்டியாளும் காவலன், தைப்பூசக் காவடிக்கு நாற்பத்தெட்டு நாள் விரதம் பூண்ட சைவச் சிங்கம், இறைச்சி சுடும் சாத்தேக் கடைப் புகையை ஒருமுறை ஆழ இழுத்த குற்றத்துக்காக மைத்துனன் அர்ச்சுனனை, "நீயெல்லாம் காவடி தூக்கவே கூடாது!" என்று உறவினர் நடுவே இடித்துரைத்த தூயோன், நெற்றி நிறைந்த நீற்றோன், வாழ்க!

அத்தூயோனுக்குச் சின்னதாய் ஒரு பழக்கம் இருந்தது. மூன்று மணிக்கு வேலை விட்டு வந்தால், மனைவி பிரமிளா ஆறு மணிக்குத் திரும்பும்வரை, தொலைக்காட்சியில் ஆட்டுக்கறி சமைக்கும் காணொளிகளாகப் பார்ப்பான். உண்ணவில்லை, பார்த்தான். விரதம் வாய்க்குத்தான், கண்ணுக்கு அல்ல என்பது அவன் கட்சி. ஆனால் வாங்கிவந்த அன்றே நாற்பது பக்க உடன்படிக்கையை நீட்டி, ஒரு வரியும் படிக்கவிடாமல் 'அனைத்துக்கும் சம்மதம்' என்று அவன் கட்டைவிரலாலேயே ஒப்பமிடுவித்த அந்த ஐம்பத்தைந்து அங்குல வஞ்சக யந்திரம், மூன்று வாரமாக அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை மாலை ஆறரைக்குப் பிரமிளாவின் பிரகடனம் எழுந்தது. "என்னங்க, ஏழு மணிக்குக் காவடிக் குழு மொத்தமும் இங்க வாராங்க. போன வருசத்துப் பூச வீடியோவ நம்ம பெரிய டிவில பாக்கணுமாம்லா. அர்ச்சுனனும் வாரான்."

அவள் குளிக்கப் போனதும் கனகராஜ் திரையைத் திறந்தான். 'உங்களுக்காகவே தேர்ந்தெடுத்தவை' என்ற கொடியின் கீழ் ஆட்டுக்கறிப் பிரட்டலும் சூப் கம்பிங் என்னும் ஆட்டுச்சாறும் மூளை வறுவலும் அணிவகுத்து நின்றன. ஐயோ, மானம் போயிற்றே!

ரிமோட்டை வேலென ஏந்திச் செட்டிங் என்னும் கோட்டைக்குள் புகுந்தான் வீரன். படமும் ஒலியும் ஆகிய முதல் வாயிலைக் கடந்து, மொழி என்னும் அகழியில் வழுக்கிச் சீனத்தில் விழுந்து, அங்கிருந்து குத்துமதிப்பாய் அழுத்தி அழுத்தித் தமிழ்க்கரை ஏறி, தனியுரிமை என்னும் உள்மதிலை அவன் எட்டிய கணத்தில் ரிமோட் உயிர் நீத்தது. அஞ்சினானா? சுவர்க்கடிகாரத்தின் வயிற்றிலிருந்து பேட்டரியைப் பறித்துப் பொருத்தினான். வீட்டில் நேரம் ஆறு ஐம்பதோடு நின்றது. ஏழாவது பட்டியலின் அடியில், பார்ப்பவரை வேவு பார்க்கும் பொத்தான் எறும்பளவு எழுத்தில் பதுங்கியிருந்தது. 'இதை அணைத்தால் உங்களுக்குப் பிடித்ததைக் காட்ட இயலாது. உறுதியா?' என்று கெஞ்சியது யந்திரம்.

"உறுதி!" என்று கர்ஜித்துப் பொத்தானை அணைத்தான். மூன்று வார வரலாறும் ஒரே அழுத்தில் மாண்டது.

குழு வந்தது. திரை துடைத்த பலகையாய் ஒளிர்ந்தது. அர்ச்சுனனை ஏறிட்டுப் பார்த்து, நெஞ்சு நிமிர்த்தி அமர்ந்தான் வென்றோன்.

அர்ச்சுனன் தன் கைப்பேசியை உயர்த்தினான். "மச்சான், உங்க வீட்டு வைஃபைல சேர்ந்தாலே என் போன்ல ஆட்டுக்கறி விளம்பரமா வருதே, ஏன்லா?"

"என் போன்லயும் மூணு வாரமா அதேதான்," என்றாள் பிரமிளா.

அனைத்துத் திருநீற்று நெற்றிகளும் ஒருசேரத் திரும்பின.

எல்லாருக்கும் தேத்தண்ணி கலக்கி வாரேன் என்று கனகராஜ் குசினிக்குள் போய்விட்டான்.