எட்டு சிலிண்டர் நிபுணர்

ஒரு வண்டியைப் பற்றிப் பேசுகிறவன் அதை ஓட்டியிருக்க வேண்டும் என்றொரு மூடநம்பிக்கை நெடுங்காலமாக மனித குலத்தைப் பிடித்து ஆட்டிவந்தது. அதை வேரோடு பிடுங்கி எறிந்த பெருமை இருபத்திரண்டே வயதான ஓர் இளைஞரைச் சாரும். வீட்டில் அவரை ‘நிபுணர்’ என்றே அழைத்தார்கள். அம்மா அதைக் கிண்டலாகத்தான் ஆரம்பித்தாள். அப்பா உண்மையென்றே எடுத்துக்கொண்டார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு அல்லவா? இவருக்குக் குஞ்சு எட்டு சிலிண்டர் குஞ்சு.

நிபுணரின் தலைமையகம் மாடியறை. கட்டிலை ஒட்டி ஒரு மேஜை, மேஜையில் கம்ப்யூட்டர், அதன் முன்னால் திருகாணி போட்டு முடுக்கிய விளையாட்டு ஸ்டீயரிங். பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் மேஜைக்கடியில், அழுக்குத் துணிகளுக்கு நடுவே இருந்தன. இங்கிருந்துதான் அவர் அமெரிக்காவின் நெடுஞ்சாலைகளைத் தினமும் வென்றுவந்தார். வெற்றிகளுக்கு இடையில் சாப்பாடு மேலே போகும், காலித் தட்டு கீழே வரும்.

வாரம் ஒருமுறை கைப்பேசியை முன்னால் நிறுத்தி, உலகத்துக்குத் தம் கருத்துகளை வழங்குவார். “கார்னா எட்டு சிலிண்டர் இருக்கணும் நண்பர்களே. அதுக்குக் கீழ இருக்கிறதெல்லாம் தையல் மிஷின்!” என்பார். கீழே அம்மாவின் தையல் மிஷின் ஒரு நொடி நின்று, பிறகு ஓடும். அதன் வருமானத்தில்தான் மேலே இணையம் ஓடிக்கொண்டிருந்தது என்பது இங்கே தேவையற்ற விவரம்.

“அமெரிக்காவுல ரோடு நேரா போகும். வளைவுங்கிறது ஒரு நாட்டோட பலவீனம்” என்பது அவருடைய இன்னொரு கண்டுபிடிப்பு. காரில் எத்தனை கப் வைக்க இடமிருக்கிறதோ, அதை வைத்தே ஒரு தேசத்தின் நாகரிகத்தை அளந்துவிடலாம் என்றும் அவர் நிறுவியிருந்தார். இதைக் கேட்ட நாளிலிருந்து, ஓட்டும்போது முழங்கால்களுக்கு நடுவே டீ தம்ளரை இடுக்கிக்கொள்ளும் அப்பாவுக்குக் கொஞ்சம் கூச்சமாகிவிட்டது.

நிபுணரிடம் லைசன்ஸ் இல்லை. ஒரே ஒருமுறை பழகப் போனார். கியர் மாற்றச் சொன்னார்கள். “கியர் மாத்துறது அடிமைத்தனம். அமெரிக்காவுல வண்டியே மாத்திக்கும்” என்று கொள்கை அடிப்படையில் இறங்கி நடந்து வந்துவிட்டார்.

அப்பா வீடு வீடாக ஜன்னல் திரை மாட்டித் தருகிறவர். அளவெடுப்பதும் மாட்டுவதும் அவர், தைப்பது அம்மா. பழைய சின்னக் கார் ஒன்று வைத்திருந்தார். திரைக் கம்பிகள் அதன் பின் ஜன்னலுக்கு வெளியே ஒரு முழம் நீட்டிக்கொண்டிருக்கும், நுனியில் சிவப்புத் துணி கட்டியிருக்கும். அந்தச் சமயம் மேட்டுச் சாலையின் உச்சியில் கட்டிய புதுக் குடியிருப்பு முழுவதற்கும் திரை மாட்டும் வேலை அவருக்குக் கிடைத்திருந்தது. தினமும் ஏற வேண்டும், தினமும் இறங்க வேண்டும்.

இறங்குகிறபோதுதான் அந்தச் சத்தம் வந்தது. அப்பா நேராக மாடிக்குப் போய் வாசலில் நின்றார்.

“தம்பி, பிரேக்கை மிதிச்சா கிறீச்சுங்குதுடா. என்னன்னு கொஞ்சம் பாரேன்.”

நிபுணர் பார்க்கவில்லை. பார்ப்பது மெக்கானிக்கின் வேலை. கருத்துச் சொல்வதே நிபுணரின் வேலை.

“அப்பா, சத்தம்தான் வண்டிக்கு உசிரு. அமெரிக்காவுல ஒரு வண்டி தெருமுனை திரும்பும்போதே வீட்டுல இருக்கிறவங்களுக்குத் தெரிஞ்சிடும். உங்க வண்டி இத்தனை வருஷமா ஊமையா இருந்துச்சு. இப்பத்தான் வாயைத் திறக்குது.”

“அப்போ நல்லதுங்கிறியா?”

“வெறும் நல்லதா! அதுக்குக் கேரக்டர் வந்திருக்குப்பா!”

அப்பா பூரித்துப்போய்க் கீழே வந்தார். “நம்ம வண்டிக்குக் கேரக்டர் வந்திருச்சாம்.”

அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். “எனக்கென்னமோ அதுக்குக் கேடுகாலம் வந்த மாதிரி இருக்கு.”

அந்த வாரம் நிபுணர் தெருவுக்கே இறங்கி வந்தார். கைப்பேசியைச் சக்கரத்தருகே பிடித்துக்கொண்டு, அப்பாவைத் திரும்பத் திரும்ப பிரேக் போடச் சொல்லி அந்தக் கிறீச்சைப் பதிவு செய்து உலகுக்கு வெளியிட்டார். ரசிகர்கள் மெய்சிலிர்த்தார்கள். திரைக்கு அளவெடுக்கப் போன வீடுகளிலெல்லாம் அப்பா அதைப் போட்டுக் காட்டினார்.

சில நாட்களில் கிறீச்சு கரகரப்பாக முதிர்ந்தது. ‘கேரக்டர்’ வளர்கிறது என்று அப்பா நினைத்தார். அம்மாவோ, மாலையில் அவர் வர ஐந்து நிமிடம் தாமதமானால், மிஷினை நிறுத்திவிட்டு கேட்டருகே போய் நின்றுகொள்வாள். கடைசியில் சாப்பாட்டு மேஜையில் குடும்பத்தின் ‘உயர்மட்ட அவசரக் கூட்டத்தை’ அவளே கூட்டினாள்.

“தெருமுனை மெக்கானிக்கிட்ட விட்டா, தேஞ்ச பிரேக் பேடை மாத்த அரைநாள் வேலை. நாளைக்கே விடுங்க” என்றாள்.

“அந்தாளா?” நிபுணர் சிரித்தார். “அவன் வாழ்க்கையில ஒரு எட்டு சிலிண்டரைத் தொட்டுப் பார்த்திருக்கானா?”

“நம்ம வண்டியைத் தொட்டா போதும்டா.”

“அம்மா, இது சித்தாந்தப் பிரச்சினை. பிரேக் பேடுன்னா அது அமெரிக்க பேடு. நான் ஆர்டர் போட்டுடறேன். வர்ற வரைக்கும் அப்பா கியரைக் குறைச்சுக் குறைச்சு இறங்கட்டும். அமெரிக்க மலையில பெரிய பெரிய லாரியெல்லாம் அப்படித்தான் இறங்குது.”

கியர் அடிமைத்தனம் என்ற தம் கொள்கையைத் தந்தையின் நலன் கருதி அவர் தற்காலிகமாகத் தளர்த்திக்கொண்டதை வரலாறு குறித்துக்கொள்ள வேண்டும்.

“கையில வெண்ணெய வச்சுக்கிட்டு நெய்க்கு அலையற கதையால்ல இருக்கு!” என்றாள் அம்மா.

“அவன் படிச்சுட்டுத்தானே சொல்றான்” என்றார் அப்பா.

தீர்மானம் ஒரு மனதாக நிறைவேறியது. அந்த ஒரு மனது நிபுணருடையது.

மறுநாளிலிருந்து அப்பா கியரைக் குறைத்துக் குறைத்து, இன்ஜின் அலற அலற, மேட்டுச் சாலையில் இறங்கினார். விசாரித்த குடியிருப்புக் காவலாளியிடம், “நாங்க அமெரிக்க முறையில இறங்குறோம்” என்று அடக்கமாகத் தெரிவித்தார்.

பார்சல் வந்தது. அப்பா ஆசையாகப் பிரித்தார். உள்ளே இருந்த பேடு இரண்டு உள்ளங்கை அகலம் இருந்தது. அவருடைய வண்டியில் இருப்பதோ ஒரு பிஸ்கட் அளவு. சக்கரத்தருகே குந்தி உட்கார்ந்து எப்படி எப்படியோ வைத்துப் பார்த்தார்.

“தம்பி, சேரலியேடா.”

நிபுணர் மாடி ஜன்னலிலிருந்தே பரிசோதித்தார். “பேடு சரியாத்தான்பா இருக்கு. வண்டியோட அளவுதான் தப்பு.”

அப்பாவுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. ஒரு நல்ல பேடு வந்து மாட்ட இடமில்லாத வண்டியைப் போய் வாங்கினோமே என்று தன்னையே நொந்துகொண்டார்.

“போதும். இப்பவே மெக்கானிக்கிட்ட போங்க” என்றாள் அம்மா.

“இன்னும் ரெண்டே வீடுதான். மாட்டிட்டு, இறங்கும்போது அப்படியே விட்டுட்டு வந்துடறேன்.”

அவர் இறங்கும்போது சாலையின் பாதியில் ஒரு பள்ளி வேன் பிள்ளைகளை இறக்கிக்கொண்டிருந்தது. அப்பா மிதித்தார். வண்டிக்குக் கேரக்டர் இருந்தது, பிரேக் இல்லை. கியரைக் குறைத்துப் பார்த்தார், போதவில்லை. ஸ்டீயரிங்கை ஒடித்துப் பக்கத்து மணல் குவியலில் ஏற்றி, அதற்கப்பால் இருந்த மதில் சுவரில் போய் முட்டி நின்றார். பிள்ளைகளில் ஒருவர்மீதும் தூசுகூடப் படவில்லை.

ஆஸ்பத்திரியில் அவருக்கு வலது கையில் மாவுக்கட்டு. கட்டிலருகே அம்மா உட்கார்ந்திருந்தாள், கால்மாட்டில் நிபுணர் நின்றிருந்தார். போக்குவரத்து அதிகாரி வந்து விசாரித்தார்.

“பேடு சுத்தமாத் தேஞ்சு இரும்பும் இரும்பும் உரசியிருக்கு. சத்தம் கேக்கலையா உங்களுக்கு?”

அப்பா மகனைப் பார்த்தார். “எனக்குக் காது கொஞ்சம் மந்தம் சார்.”

“வீட்டுல வேற யாருக்குமா கேக்கல?”

அம்மா வாயைத் திறந்தாள். அப்பா நல்ல கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். அவள் தலையைத் திருப்பிக்கொண்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

நிபுணர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “நான் எப்பவோ சொல்லிட்டேன் சார், இந்த மாதிரி சின்ன வண்டியை நம்பாதீங்கன்னு. இதுவே அமெரிக்க வண்டியா இருந்திருந்தா சுவர்தான் விழுந்திருக்கும்.”

“சுவரும் விழுந்திருச்சு தம்பி” என்றார் அதிகாரி.

“பார்த்தீங்களா!” என்றார் நிபுணர்.

காரின் மூக்கு சப்பையாகிவிட்டது. மதிலைப் புதிதாகக் கட்டித் தர வேண்டும். அப்பாவின் கை ஏணி பிடிக்க மாதக்கணக்கில் ஆகும், அதுவரை அம்மாவின் மிஷினுக்கும் வேலையில்லை. ஆனால் நிபுணரின் கருத்துகளில் மட்டும் ஒரு கீறல்கூட விழவில்லை. எப்படி விழும்? அவற்றில் ஏறிப் போனவர் எப்போதும் அப்பாதானே.