ஒரே கேக்கை மூன்று முறை வாங்கிய குடையண்ணை

சுவிட்சர்லாந்து முழுவதிலும் பனிக்குக் குடை பிடிக்கும் ஒரே மனிதர் எங்கள் குடையண்ணைதான். மழைக்கு யாரும் பிடிப்பார்கள். வண்ண வண்ண உடுப்பும் தலைக்கவசமுமாக ஊரே சறுக்கிக்கொண்டு இறங்கும் மலைச்சரிவில், குரங்குத் தொப்பி போட்டு, கறுப்புக் குடையை விரித்துக்கொண்டு ஓரமாக நடந்து ஏறுவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். ஒருமுறை மீட்புப் பணியாளர் ஒருவர் சறுக்கி வந்து நின்று, உதவி ஏதும் வேண்டுமா என்று கேட்டார். பாவம் மனிதர் நனைகிறாரே என்று அண்ணை அவரைக் குடைக்குள் வரச் சொன்னார்.

பீல் நகரில் நாங்கள் இருவரும் ஒரே கடிகாரத் தொழிற்சாலையில் வேலை. அவர் உதிரிப்பாகங்களைக் கழுவும் பகுதியில், நான் அளவு பார்க்கும் பகுதியில். அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி தமிழருக்குக் குடையண்ணை. வெள்ளைக்காரருக்கும் அவர்கள் மொழியில் குடைக்காரர்தான்.

நான் பனிச்சறுக்குக் கிளப்பில் சேர்ந்ததற்குக் காரணம் பனியும் இல்லை, சறுக்கும் இல்லை. குடியுரிமை நேர்முகத்தில், "எந்தக் கிளப்பில் இருக்கிறீர்கள்?" என்று கட்டாயம் கேட்பார்கள் என்று பலரும் பயமுறுத்தியிருந்தார்கள். சந்தா கட்டினேன். சறுக்கக் கற்றுக்கொண்டேன். நிற்கத்தான் வரவில்லை. பனிக் குவியல் ஏதாவது வந்து என்னை நிறுத்தினால் உண்டு. இந்த அழகில், மறுமாதமே குடையண்ணையும் சந்தா கட்டிவிட்டு வந்து நின்றார். எனக்கு முகம் செத்துப்போயிற்று.

"அண்ணை, நீங்கள் சறுக்கப் போறியளோ?"

"எனக்கென்ன விசரே? நான் கொட்டிலுக்குப் போறன்."

சரிவில் பாதி வழியில், பாதையோரமாக, கிளப்புக்குச் சொந்தமான மரக் கொட்டில் ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே பார்லி சூப் கொடுப்பார்கள். உப்பு இருக்கிறதா இல்லையா என்று யோசிக்க வைக்கும் சூப். அண்ணை சட்டைப் பையிலிருந்து சின்னப் போத்தலை எடுத்து மிளகாய்த்தூள் தூவிக்கொள்வார். பக்கத்தில் இருந்த ஒருவர் ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கினார். சிவந்து, விக்கி, வெளியே ஓடிப் பனியை அள்ளி வாயில் போட்டார். அடுத்த ஞாயிறு அவரே நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து கோப்பையை நீட்டினார்.

நான் மட்டும் அந்த மேசைக்குப் போகமாட்டேன். அண்ணை வரும் பஸ்ஸுக்கு ஒரு பஸ் முந்தியே போய்விடுவேன். "தம்பி, இஞ்சை இடமிருக்கு" என்று அவர் கூப்பிட்டால், மூக்குக்கண்ணாடியைத் துடைப்பதுபோல் திரும்பிக்கொள்வேன். எனக்குக் காது மந்தம் என்று நினைத்தாரோ என்னவோ, அடுத்த முறை இன்னும் சத்தமாகக் கூப்பிடுவார்.

போன மாரிப் பனிக்காலத்தில் அடித்த புயலில் பெரிய மரமொன்று சரிந்து கொட்டிலின் மேல் விழுந்தது. கூரை போயிற்று, ஒரு சுவரும் போயிற்று. திரும்பக் கட்டுவதற்குப் பணம் சேர்க்க, ஊர் மண்டபத்தில் ஒரு விருந்தும் ஏலமும் வைப்பதென்று கிளப் முடிவெடுத்தது. அன்று மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அண்ணை என் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"அந்தக் கொட்டில் எழும்பத்தான் வேணும், தம்பி. நான் வந்த முதல் மாரி, வேலையும் இல்லை, விசாவும் இல்லை. சும்மா நடந்து போய் அதுக்குள்ள ஒதுங்கினன். ஒரு மனிசி சூப் ஊத்தித் தந்தவ. பேர், ஊர், ஏன் வந்தனி, ஒண்டும் கேக்கேல்லை. இந்த நாட்டில என்னட்டை ஒண்டும் கேக்காத முதல் ஆள் அவதான். அதில என்ர காசில ஒரு பலகையாவது இருக்கவேணும்."

ஏல நாளும் வந்தது. கிளப் தலைவி ரூத், ஓய்வுபெற்ற ஆசிரியை, தன் கையால் செய்த வால்நட் கேக்கை ஏலத்துக்கு வைத்தார். அண்ணை மடித்த குடையை உயர்த்தி உயர்த்தி விலை கேட்டு, கேக்கை வென்றார். மேடைக்குப் போனார். கேக்கை இரண்டு கையாலும் தூக்கிச் சபைக்குக் காட்டினார். பிறகு இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு, இன்னொரு முறை ஏலம் விடச் சொல்லிக் கையைக் காட்டினார்.

ரூத்துக்கு ஒன்றும் புரியவில்லை. கேக்கில் ஏதும் குறையா என்று கேட்டார். அண்ணை என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, ஒருக்காச் சொல்லிவிடு. எங்கட கோயிலில செய்யிற மாதிரித்தான். காசு நான் கட்டுவன். கேக் கொட்டிலுக்கு."

திரிம்பாக் ஊரில் இருக்கும் எங்கள் கோயிலுக்குப் போய் வருபவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஏலத்தில் ஒரு மாம்பழத்தை எடுத்தவர் பணத்தையும் கட்டி, பழத்தையும் சாமிக்கே திருப்பிக் கொடுப்பார். அதே பழம் அடுத்தவரிடம் போகும். ஐந்தாறு பேர் வாங்கியும் ஒருவரும் சாப்பிடாத மாம்பழங்கள் உண்டு. இதைத்தான் நான் ரூத்திடம் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு வாக்கியம் போதும்.

முன்வரிசையில் குடியுரிமைக் குழுவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அடுத்த வாரம் எனக்கு நேர்முகம். கோயில், சாமி, மாம்பழம் என்று என் வாயிலிருந்து வந்தால், இவனும் அந்தக் குடைக்காரனும் ஒரே ரகம் என்று நினைத்துவிடுவாரே என்று கூசினேன்.

"மனதை மாற்றிக்கொண்டாராம். அவருக்குக் கேக் வேண்டாமாம்" என்றேன். சுத்தமான ஜெர்மன். ஒரு பிழை இல்லை.

அண்ணை என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு பெரிதாகச் சிரித்துக்கொண்டு மறுபடியும் குடையை உயர்த்தினார். முன்பைவிட அதிக விலைக்கு வென்றார், திரும்ப வைத்தார். மண்டபம் சிரித்தது. மூன்றாம் முறையும் அப்படியே. பொருளாளர் சிவந்துபோய் எழுந்து, ஒரு கேக்கை ஒரு முறைதான் விற்கலாம், வேண்டாதவர் பணம் கட்டத் தேவையில்லை என்று அறிவித்தார். மேசையில் அண்ணை வைத்திருந்த நோட்டுகளைப் பொருளாளர் மரியாதையாக அண்ணையின் பக்கமே தள்ளிவிட்டார். கேக் ஒரு பல் வைத்தியருக்குப் பாதி விலைக்குப் போனது. அண்ணை நோட்டுகளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே போனதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எழுந்து அவரோடு போகவில்லை.

நேர்முகத்தில், கிளப்பில் யார் யாரைத் தெரியும் என்று கேட்டார்கள். ஏழு பெயர் சொன்னேன். அவர் பெயரைச் சொல்லவில்லை. பாஸ் பண்ணிவிட்டேன். வாழ்த்துச் சொன்னவர்களின் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. அடுத்த நாள் கழுவும் பகுதிக்குப் போனேன். அண்ணை தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, அண்டைக்கு நீங்கள் சொன்னதை நான் ரூத்திட்டைச் சொல்லேல்லை."

"தெரியும்."

"எப்பிடி?"

"இருவது வருசமாய் இஞ்சை டொய்ச் பாஷையில பேச்சு வாங்கிறன். கேக் வேண்டாம் எண்டுறது விளங்காதோ?"

"விளங்கினால் பிறகேன் திருப்பித் திருப்பி ஏலம் கேட்டனீங்கள்?"

அவர் தட்டைக் கீழே வைத்தார்.

"நான் மறுத்துக் கதைச்சால் நீ பொய் சொன்னது வெளியில வந்திடும். முன்னுக்கு அந்தக் குடியுரிமை ஆள் இருந்தது. திருப்பித் திருப்பிக் கேட்டாலாவது காசு கொட்டிலுக்குப் போகுமெண்டு பார்த்தன். என்னை விசரன் எண்டு நினைக்கட்டும். எனக்கு இனி ஆர் நேர்முகம் வைக்கப்போகினம்?"

அந்த வெட்கத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

அடுத்த கிளப் கூட்டத்தில் எழுந்து நின்று நடந்ததைச் சொன்னேன். கோயிலையும் சொன்னேன், மாம்பழத்தையும் சொன்னேன், என் பொய்யையும் சொன்னேன். அந்தப் பெரியவர் அங்கே இல்லை. இருந்திருந்தாலும் சொல்லியிருப்பேன் என்று எழுத ஆசைதான், ஆனால் சத்தியம் பண்ணமாட்டேன். ரூத் என்னைத் திட்டவில்லை. "அப்படியானால் நாங்கள் ஒரு கொடையாளியைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம்" என்று மட்டும் சொன்னார். மறுநாள் வேலை முடியும் நேரம் அவரே தொழிற்சாலை வாசலுக்கு வந்து, அண்ணையின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டு, மூன்று கேக்கின் பணத்தையும் வாங்கிக்கொண்டு போனார்.

கொட்டில் எழும்பிவிட்டது. புதிதாகக் கிளப்பில் சேர்பவர்கள் குடையண்ணையைப் பார்த்து இப்போதும் சிரிப்பதுண்டு. நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, இவர் என் அண்ணன் என்று சொல்கிறேன். யாரும் கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.