றப்பர் அண்ணையின் சுவீடிஷ்

டண்டினொங்கில் ஒரு கோப்பைத் தேநீருக்கு நன்றி சொல்ல ஆறு மாதம் பயிற்சி எடுத்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பயிற்சி தந்தவர் றப்பர் அண்ணை. உயிரெழுத்தின் நீளத்தை அவரைப்போலக் கறாராக அளந்த மனிதர் இந்தத் தென் அரைக்கோளத்தில் வேறு யாரும் இல்லை. சுவீடனிலும் இருக்கமாட்டார்கள், அவர்களுக்கு வேறு வேலை இருக்கும்.

அண்ணை மரக்கறிக் களஞ்சியம் ஒன்றில் வெங்காயத்தாளைக் கட்டுக்கட்டாக றப்பர் போட்டு அடுக்குகிறவர். வீட்டுக்கு வரும்போது இரண்டு மணிக்கட்டிலும் வளையல் மாதிரி றப்பர்கள். அவருடைய சொந்தப் பெயரை வாடகைப் பத்திரத்தில் ஒருமுறை பார்த்தேன்; வேறு யாரோ என்று நினைத்துவிட்டேன். அந்தக் குளிர்ந்த வீட்டில் அவரும், களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் சிவாவும், எதையும் ஒழுங்காக ஓட்டத் தெரியாத நானும் குடியிருந்தோம்.

அண்ணை படகில் வந்தவர். மனைவியும் அப்போது ஒரு வயதாகியிருந்த மகளும், மனைவியின் தமையன் உதவியோடு சுவீடன் போய்ச் சேர்ந்தார்கள். இவருடைய தற்காலிக விசாவில் அவர்களை இங்கே கூப்பிட முடியாது. இவர் அங்கே போனால் திரும்பி வருவது நிச்சயமில்லை. நான் சொல்லும் காலத்தில் மகளுக்கு ஒன்பது வயது. ஞாயிறு மாலை ஆறு மணிக்கு, அவர்களுக்குக் காலையில், தொலைபேசியில் முகம் காட்டுவாள். 'ஓம்', 'இல்லை', 'சாப்பிட்டனான்'. அதோடு அவளிடம் தமிழ் தீர்ந்துவிடும். எழுந்து ஓடிவிடுவாள்.

அதனால்தான் அண்ணை சுவீடிஷ் படிக்கப் புறப்பட்டார். நூலகத்தில் எடுத்த புத்தகத்தின் மூன்றாம் பக்கத்தில் ஒரு விதி அவரைப் பிடித்துக்கொண்டது. சொல்லில் அழுத்தம் விழும் இடத்தில் உயிர் நீண்டால் அடுத்து வரும் மெய் குறுக வேண்டும். மெய் நீண்டால் உயிர் குறுக வேண்டும். கதிரையின் முதுகில் ஒரு றப்பரை இழுத்து மாட்டி, நடுவில் பேனாவால் புள்ளி வைத்து, அதை விரலால் அங்கும் இங்கும் தள்ளி எங்களுக்கு விளக்குவார்.

"இருக்கிற நீளம் இவ்வளவுதான் தம்பி. உயிருக்குக் கூடக் குடுத்தால் மெய்க்குக் குறையும். எங்கட தமிழ் அப்பிடியில்லை. 'பட்டு' எண்டும் சொல்லலாம், 'பாட்டு' எண்டும் சொல்லலாம். ரெண்டையும் இழுத்தாலும் ஒருத்தரும் கேக்கமாட்டினம். இவங்கள் சரியான கஞ்சர்."

ஜேர்மன்காரரையும் ஆங்கிலக்காரரையும் அவருக்குப் பிடிக்காது. அவர்களும் ஒரு காலத்தில் மெய்யை இப்படி நீட்டி ஒலித்தவர்கள்தானாம். இப்போது எழுத்தில் மட்டும் இரட்டையாகப் போட்டுவிட்டு, வாயில் ஒன்றோடு முடித்துக்கொள்கிறார்களாம். பாட்டன் காணியை விற்றுத் தின்ற உறவினரைப் பற்றிப் பேசும் குரலில் இதைச் சொல்வார்.

வீட்டில் தேநீர் ஊற்றுவது அவர். நன்றிக்கு சுவீடிஷில் 'தக்க்'. அதையே நீட்டி 'தாக்' என்றால் கூரை. சரியாகச் சொல்லும்வரை கோப்பை கைக்கு வராது. என் வாயில் ஆறு மாதமும் கூரைதான் வந்தது. ஆறிய தேநீரைத் தவிர வேறு நான் குடித்ததில்லை. விதி மெல்லக் குளியலறைக்கும் பரவியது. குளிப்பை நீட்டுகிறவர் முகச்சவரத்தைக் குறுக்க வேண்டும். இரண்டையும் நீட்டினால் கதவில் தட்டு விழும்.

"அண்ணை, நான் தமிழில குளிக்கிறன்" என்பான் சிவா, உள்ளேயிருந்து.

எட்டு மாதத்தில் அண்ணை நாற்பது சொற்கள் கற்றார். நாற்பதும் அச்சில் வார்த்தவை. ஒரு ஜூன் மாத ஞாயிறு, நாள் முழுக்க மழை. திரையில் மகள் வந்ததும், உன்னோடு பேச முழுக் கிழமையும் காத்திருந்தேன் என்று சுவீடிஷில் சொன்னார். ஒரு நீளம் பிசகவில்லை. பிள்ளை சற்று நேரம் அவரையே பார்த்தாள். பிறகு தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு தன் அறைக்குள் போய், கதவைச் சாத்திவிட்டுப் பேசத் தொடங்கினாள். பதினொரு நிமிடம் பேசினாள். அண்ணை இடையிடையே 'யா' என்றார்.

முடித்துவிட்டுக் குசினிக்கு வந்து கதிரையில் இருந்தார். பிள்ளை என்னவாம் என்று கேட்டேன்.

"தெரியாது."

மணிக்கட்டிலிருந்து ஒரு றப்பரைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ஒரு சொல்லும் விளங்கேல்லை. நான் நல்லாக் கதைச்சுப்போட்டன் தம்பி. அதாலதான் எனக்கு விளங்கும் எண்டு நினைச்சவள். நடுவில ஒருக்கா மூக்கை உறிஞ்சினவள்."

எட்டு மாதமாக அவர் காதில் விழுந்த சுவீடிஷ் பெரும்பாலும் என்னுடையது. அதைக் கேட்டுப் பழகிய மனிதருக்கு உண்மையானது எப்படி விளங்கும்?

அண்ணியிடம் கேட்கச் சொன்னான் சிவா.

"கதவைச் சாத்திப்போட்டு எனக்குச் சொன்னவள். நான் எப்பிடித் தாயிட்டக் கேக்கிறது?"

விளங்கவில்லை என்று மகளிடமே சொல்லலாம். சொன்னால், அத்தனை நேரமும் 'யா' போட்டது பொய் என்றாகும். எட்டு வருடத்தில் முதல்முறையாகத் திறந்த பிள்ளை மறுபடி மூடிக்கொண்டால் என்ன செய்வது? அந்தப் பயத்தோடு அவர் கிழமை முழுக்க வேலைக்குப் போய் வந்தார். யாரிடமும் நன்றி கேட்கவில்லை. தேநீர் சுடச்சுடக் கிடைத்தது. குடிக்க எங்கள் இருவருக்கும் மனமில்லை.

அடுத்த ஞாயிறு, அன்று சொன்னது விளங்கவில்லை, மெதுவாகத் திரும்பச் சொல் என்ற இரண்டு சுவீடிஷ் வாக்கியங்களோடு போய் இருந்தார். சொல்லியும் விட்டார். திரையில் அந்த முகம் சுருங்கியது. நான் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து, உள்ளே எதையோ தேடுகிறவன் மாதிரி நின்றுகொண்டேன்.

பிறகு அவள் குரல் வந்தது. ஒவ்வொரு சொல்லாக, சின்னப் பிள்ளைக்குச் சோறு ஊட்டுவதுபோல். அண்ணை வெங்காயத்தாள் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து, காதில் விழுந்ததை விழுந்தபடி தமிழ் எழுத்தில் எழுதினார். நீண்ட உயிருக்கு நெடில், நீண்ட மெய்க்குப் புள்ளி வைத்த இரட்டை. ஒரு நீளமும் சிந்தவில்லை.

அதை மேசையில் விரித்து, கைபேசி அகராதியோடு மூவரும் இரண்டு மாலைகள் உட்கார்ந்தோம். முதலில் 'பள்ளிக்கூடம்' வந்தது. அண்ணைக்கு முகம் வெளிறியது. பிறகு 'படம்'. பிறகு 'இடம்'. கடைசியில் எல்லாம் கூடி வந்தது. வகுப்பில் குடும்பப் படம் வரையச் சொல்லியிருக்கிறார்கள். அம்மா, மாமா, தான் எல்லோரையும் வரைந்துவிட்டாள். அப்பாவுக்கு ஒரு பக்கம் இடம் விட்டு வைத்திருக்கிறாள். உனக்கு அப்பா உண்மையாகவே இருக்கிறாரா என்று பக்கத்துப் பிள்ளை கேட்டுவிட்டாளாம். அவளுக்குத் தெரிந்த அப்பா தொலைபேசியில் கழுத்தோடு முடிந்துவிடுகிறார். அதனால் கேட்டிருக்கிறாள்: அப்பா, நீங்கள் எவ்வளவு உயரம்? அம்மாவின் காதுவரையா, அதற்கு மேலா?

சிவா அளவு நாடா கொண்டுவந்தான். குசினிக் கதவோடு அண்ணையை நிறுத்தினோம். செருப்பைக் கழற்றிவிட்டு, மூச்சை இழுத்துப் பிடித்து, குதி தரையில் பதிய நின்றார். ஐந்தடி மூன்றங்குலம்.

அதைச் சென்ரிமீற்றருக்கு மாற்றி எழுதுவது என் வேலை. பேனாவை எடுத்தேன். அண்ணை கிட்ட வந்து, சிவாவுக்குக் கேட்காத குரலில் சொன்னார்: "தம்பி, ரெண்டு அங்குலம் கூட்டிப் போடு."

கணக்கில் நான் எப்போதும் மோசம். மூன்று கூட்டிவிட்டேன்.