மோட்டாரை நிறுத்துங்க: மோகனம், ஆதி தாளம்

இணையதளம் நடத்திப் பாட்டு சொல்லிக்கொடுப்பதில் பெரிய சிரமம் எது என்று பலர் என்னிடம் கேட்பார்கள். நெட் போகும், கரண்ட் போகும், மைக் மக்கர் செய்யும். அதெல்லாம் ஒரு சிரமமே இல்லை. பெரிய சிரமம், பிள்ளைகள் நாம் சொன்னதை அப்படியே கேட்பதுதான். என் மானம் கப்பலேறியது அதனால்தான்.

காரைக்காலில் ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராக இருந்தவள் நான். பன்னிரண்டு வருட வேலையை ஒரே நாளில் விட்டுவிட்டு, தலத்தெரு வீட்டின் பின்னறையை ஸ்டூடியோவாக்கி, வெளிநாட்டுப் பிள்ளைகளுக்காக ஒரு இணையதளம் தொடங்கினேன். தலைமையாசிரியை சிஸ்டர் நல்லவர். "ஜூன் வரைக்கும் உங்க இடத்துக்கு ஆள் போட மாட்டேன் கலா. யோசிச்சுக்குங்க" என்றார். யோசிக்க என்ன இருக்கிறது என்று வீறாப்பாக வந்துவிட்டேன். (வீட்டில் கணவர் முருகையன் மட்டும் அந்த ஜூனைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்தார்.)

பாடங்கள் எல்லாம் பதிவுசெய்த வீடியோக்கள். நான் ஒரு வரி பாடுவேன், கொஞ்சம் இடைவெளி விடுவேன், பிள்ளை அதைத் திருப்பிப் பாடவேண்டும். முதல் வீடியோவிலேயே விரலை நீட்டி ஒரு கட்டளையும் போட்டிருந்தேன்: "நான் செய்வதை அப்படியே செய்யவேண்டும். ஒரு எழுத்து, ஒரு அசைவு கூடக் குறையக்கூடாது." என்ன ஒரு தோரணை! சந்தேகம் இருந்தால் எழுதுங்கள் என்றும் சொல்லியிருந்தேன். ஒருவரும் எழுதவில்லை. நம் போதனை அவ்வளவு தெளிவு என்று பூரித்துப்போனேன்.

கடலைப் பற்றி நானே எழுதி, மோகன ராகத்தில் மெட்டுப் போட்ட ஒரு சிறு பாட்டைப் பதிவுசெய்த சாயங்காலம்தான் வினை வந்தது. ஃபேன் போட்டால் மைக்கில் கடகடவென்று கேட்கும், ஜன்னலைத் திறந்தால் பஸ் ஹாரன். எனவே இரண்டும் இல்லை. வியர்வையைப் பார்த்து ஊரிலுள்ள கொசுவெல்லாம் கச்சேரி கேட்க வந்துவிட்டது. பாட்டின் நடுவில் ஒன்று கழுத்தில் கடித்தது. வலது கையில் தாளம் போட்டுக்கொண்டே இடது கையால் 'பட்' என்று அடித்தேன். சரியாக ஏழாவது எண்ணிக்கையில் அடி விழுந்தது. (கொசுவை அடித்தாலும் தாளம் தப்பக்கூடாது, அதுதான் பயிற்சி.)

அடுத்த நிமிடம் மொட்டைமாடியில் டேங்க் நிரம்பி வழிகிற சத்தம். பேசினால் பதிவு கெட்டுவிடும், மறுபடி முதலிலிருந்து பாடவேண்டும். உடனே எனக்கு அபார யோசனை ஒன்று தோன்றியது. அதே மோகனத்தில், அதே தாளத்தில் பாடினேன்:

"என்னங்க... டேங்க் ரொம்பிடுச்சு... மோட்டாரை நிறுத்துங்க!"

கூடத்திலிருந்த முருகையன் எழுந்து போகிறாரா என்று பார்க்க ஓர் இடைவெளி விட்டேன். போகவில்லை. இன்னொரு தரம், மேல் ஸ்தாயியில் பாடினேன். போனார். அப்புறம் வெட்டிவிடலாம் என்று நினைத்துக்கொண்டு பாட்டை முடித்தேன். அந்த 'அப்புறம்' வரவேயில்லை. வீடியோ அப்படியே தளத்தில் ஏறிவிட்டது.

மே மாதக் கடைசியில் இணையவழியில் ஆண்டு விழா வைத்தேன். ஓய்வுபெற்ற இசைப் பேராசிரியர் ஒருவர் தலைமை. பெற்றோர் அத்தனை பேரும் திரையில். அவர் வாயால் நல்ல வார்த்தை வந்தால் தளம் நிற்கும், இல்லாவிட்டால் மறுபடி சிஸ்டரிடம் போய் நிற்கவேண்டும். பட்டுப்புடவை கட்டி, கேமராவின் முன் உட்கார்ந்தேன். கேமராவுக்குப் பின்னால் முருகையன் நின்றார்.

முதலில் பாரிஸுக்குப் பக்கத்திலிருந்து நதாலி. பன்னிரண்டு வயது. அப்பா பிரான்சிஸ் நம் காரைக்கால்காரர்தான். பிள்ளைக்குப் பிரெஞ்சுதான் வரும், தமிழில் வணக்கத்தைத் தாண்டி ஒன்றும் தெரியாது. குரலோ தேன்! நான் கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தேன். அப்போது வந்தது:

"என்னங்க... டேங்க் ரொம்பிடுச்சு..."

கண்ணைத் திறந்தேன். மேல் ஸ்தாயியில் இரண்டாம் தரமும் பாடினாள். என்ன உருக்கம், என்ன பாவம்!

பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "தண்ணீர்ச் சிக்கனத்தைப் பத்தின பாட்டாம்மா?"

"ஆமாங்க ஐயா" என்றேன். (பாவி, கூசாமல் சொன்னேன்.)

அடுத்து கனடாவிலிருந்து ஆதவன். அவனும் டேங்க்கை ரொப்பினான். போதாததற்கு, ஏழாவது எண்ணிக்கையில் இடது கையால் தன் கழுத்தில் 'பட்' என்று ஒன்று வைத்தான். திரையில் வரிசைக்குக் காத்திருந்த மற்ற ஆறு பேரும் ஒத்திகையாக அதே நேரத்தில் 'பட்'.

"அது என்னம்மா, கழுத்துல அடிச்சுக்கிறது?" என்றார் பேராசிரியர்.

கேமராவுக்குப் பின்னாலிருந்து முருகையன் கிசுகிசுத்தார்: "டெங்கு ஒழிப்புன்னு சொல்லு கலா!"

அவ்வளவுதான். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாகப் பீறிட்டுக்கொண்டு வந்தன. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? ஃபேன், கொசு, டேங்க், சொன்ன பொய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பிரான்சிஸ் மைக்கைப் போட்டார். "வீட்ல இவ பாடிப் பழகையில நானும் யோசிச்சேன் மேடம். பெரிய டீச்சரு, நமக்கென்ன தெரியும்னு விட்டுட்டேங்க" என்று சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

பேராசிரியர் சிரிக்கவில்லை. "சொல்லிக்கொடுக்கிறது அப்படியே போய்ச் சேருதும்மா. ஒரு பிள்ளைக்கும் சுருதி விலகலை, தாளம் தப்பலை. சொல்லிக்கொடுத்ததுதான் தப்பு. அதை இன்னைக்கே திருத்திடலாம். ஆனா பிள்ளைங்களை இப்படிப் பாடவைக்கிறதை யாராலயும் சுலபமா கொண்டுவர முடியாது. விட்டுடாதீங்க" என்றார்.

ஒரு பிள்ளையும் விலகவில்லை. மறுநாள் காலை சிஸ்டருக்குப் போன் செய்து, அந்த இடத்துக்கு வேறு ஆள் போட்டுக்கொள்ளச் சொன்னேன். பிறகு உட்கார்ந்து எல்லா வீடியோவையும் முதலிலிருந்து பார்த்தேன். (ஒன்றில் தும்மல், இரண்டில் ஏப்பம். போகட்டும், விடுங்கள்.)

அதிலிருந்து எங்கள் வீட்டில் டேங்க் நிரம்பினால் யாரும் பேச்சுநடையில் சொல்வதில்லை. பால்காரர் முன்னாலும் மோகனம்தான்.

போன கோடையில் பிரான்சிஸ் குடும்பத்தோடு ஊருக்கு வந்தார். நதாலி எங்கள் கூடத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தாள். மாடியிலிருந்து தண்ணீர் சளசளவென்று கொட்டியது. பழக்கதோஷம், "என்னங்க..." என்று எடுத்தேன். அவள் டம்ளரை வைத்துவிட்டு, கை தானாகத் தாளம் போட, கூடவே பாடினாள். கொல்லையிலிருந்து முருகையன் ஓடிவந்து சுவிட்சைத் தட்டினார். சத்தம் நின்றது. நதாலி சுவிட்சைப் பார்த்தாள், மாடியைப் பார்த்தாள், வாயைப் பிளந்தாள். தாளம் போட்ட கை மட்டும் நிற்கவில்லை.

அப்போது அவள் கழுத்தில் ஒரு கொசு உட்கார்ந்தது. 'பட்!'

"மேடம், இதுவா... அது?" என்றாள், தனக்குத் தெரிந்த தமிழில்.

"அதேதாம்மா" என்றேன். கொசு காரைக்கால் கொசு. அடி விழுந்தது ஏழாவது எண்ணிக்கையில். நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.